நாமா, நாங்களா?

சரித்திரம் என்ற சொல்லைக் கேட்டதுமே நம் வீட்டுக் குழந்தைகளுக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. அவர்கள்மேல் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வருஷங்களையும் பெயர்களையும் வரிசையாக விழுங்கி, பரீட்சை மண்டபத்தில் அவற்றை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் தலைமுழுகிவிடும் காரியத்துக்குத்தான் சரித்திரம் என்று பெயர் வைத்திருக்கிறோம். "லாகூர் காங்கிரஸ் நடந்தது எந்த வருஷம்?" என்று கேட்டால், "1929" என்று பளிச்சென்று பதில் வரும். "அங்கே கூடியவர்கள் என்ன சொன்னார்கள்?" என்று அடுத்தபடி கேட்டுப் பாருங்கள். "அது கேள்வியில் வராது, ஸார்!" என்று அதைவிடப் பளிச்சென்று பதில் வரும்.

தாம்பரத்தில் உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷம் கழித்துவிட்ட நமக்கு, இந்த இரண்டாவது பதில் நீண்ட நாளாக மனத்தை அரித்துக் கொண்டிருந்தது. நம் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. சேலையூரிலோ, பெருங்களத்தூரிலோ, வண்டலூரிலோ அரை கிரவுண்டு மனை வாங்குவதென்றால், "மூலப் பத்திரம் எங்கே?" என்பதுதான் முதல் கேள்வி. முப்பது வருஷத்து வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுக்கும் அசடர் யாரும் இந்த வட்டாரத்தில் இல்லை. அரை கிரவுண்டுக்கு இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறவர்கள், இவ்வளவு பெரிய தேசத்துக்கு மூலப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறதே, அதை ஒரு தடவை பிரித்துப் பார்த்ததுண்டா? அந்தப் பத்திரத்தை எழுதியவர்கள் யார், எழுதும்போது எதற்காகச் சண்டையிட்டுக் கொண்டார்கள், எதை விட்டுக் கொடுத்தார்கள் என்று விசாரித்ததுண்டா?

ஆகவே, சில வருஷங்களுக்கு முன்பு, சனிக்கிழமை பிற்பகலில் ஒரு மணி நேரம் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புக் குழந்தைகளில் இஷ்டப்பட்டவர்களை உட்கார வைத்துக் கொண்டு, தேசத்தின் தீர்மானங்களையும் பிரசங்கங்களையும் வாசிக்க ஆரம்பித்தோம். பிறர் எழுதிய சுருக்கங்களை வாசிப்பதில்லை என்று முதல் நாளே விதி வைத்தோம். பேசியவர் பேசிய பேச்சு. அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் சொன்ன பதில். இவ்வளவுதான் பாடம். கல்யாண விருந்தை நேரில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும், சாப்பிட்டு வந்தவர் சொல்லக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டல்லவா?

* * *

இந்த வேலைக்குத் தாம்பரம் பொருத்தமான ஊர் என்றே சொல்ல வேண்டும். 1931-ஆம் வருஷத்தில் கடற்கரையிலிருந்து இங்கே மின்சார ரயில் வந்தது. 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலை ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே குடிவந்தது. 2021-இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டு தாம்பரம் மாநகராட்சியாயிற்று. நம் வகுப்பில் ரயில்வே ஊழியரின் மகன் இருக்கிறான். விமானப்படைச் சிப்பாயின் மகள் இருக்கிறாள். குரோம்பேட்டையில் தோல் பதனிட்டவரின் பேரன் இருக்கிறான். திரிசூலம் மலையில் கல் உடைத்த குடும்பத்துக் குழந்தைகள் இருக்கிறார்கள். தாய்மொழி தமிழல்லாத குழந்தைகளும் இருக்கிறார்கள். ஒரு சிறிய அரசியல் நிர்ணய சபைக்கு வேண்டிய சரக்கெல்லாம் நாலு பெஞ்சிகளில் அடங்கியிருந்தது.

இந்த ஊருக்கு உரிமை கொண்டாட இன்னொரு பாத்தியதையும் உண்டு. டில்லியில் அரசியல் சட்டம் இயற்றிய சபையில் உட்கார்ந்திருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், டி. டி. கிருஷ்ணமாச்சாரி, டாக்டர் ராதாகிருஷ்ணன் ஆகிய மூவரும் அந்தக் கிறிஸ்தவக் கலாசாலையின் பழைய மாணவர்கள். அவர்கள் படித்த காலத்தில் கலாசாலை ஜார்ஜ் டவுனில்தான் இருந்தது என்று சிலர் ஆட்சேபிக்கலாம். மாப்பிள்ளை பிறந்த வீடு எதுவானாலும் குடும்பம் இப்போது எங்கே இருக்கிறதோ அதுதானே ஊர்?

முதலில் 1885-ஆம் வருஷத்தில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸை எடுத்துக் கொண்டோம். அந்த மகாசபையின் முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தவர் நம் சுதேசமித்திரன் ஜி. சுப்பிரமணிய ஐயர் என்பது அநேகம் குழந்தைகளுக்குப் புதிய செய்தி. இந்திய நிர்வாகத்தைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் வேண்டும் என்று மிகவும் மரியாதையாகக் கேட்கும் தீர்மானம் அது. அடுத்தபடி, 1927 டிசம்பரில் சென்னையில் டாக்டர் அன்சாரி அக்கிராசனம் வகித்த காங்கிரஸ், பூரண சுதந்தரமே ஜனங்களின் லக்ஷ்யம் என்று நிறைவேற்றிய தீர்மானம். அதன் பின், 1930 ஜனவரி 26-ஆம் தேதி தேசமெங்கும் ஊருக்கு ஊர் வாசிக்கப்பட்ட சுதந்தரப் பிரதிக்ஞை. கடைசியாக, 1942 ஆகஸ்டு 8-ஆம் தேதி பம்பாய்த் தீர்மானம்.

"அர்த்தம் பிறகு பார்த்துக் கொள்ளலாம், வினைச் சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள்" என்று சொன்னோம். இலக்கணப் பாடம் என்று நினைத்துக் குழந்தைகள் முகம் சுளித்தார்கள். ஆனால் கோடு போட்டு முடித்ததும், பின் பெஞ்சிப் பையன் ஒருவன் எழுந்து நின்றான். "ஸார், 1885-இல் மனுக் கொடுத்தார்கள். 1930-இல் நோட்டீஸ் கொடுத்தார்கள். 1942-இல் வீட்டைக் காலி செய் என்று சொல்லிவிட்டார்கள்!" என்றான். அவன் குடும்பம் வாடகை வீட்டில் இருப்பதால் இந்த உவமை அவனுக்குச் சுலபமாக வந்திருக்கலாம். எப்படியானாலும், ஐம்பத்தேழு வருஷத்துச் சரித்திரத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன புஸ்தகம் எதையும் நாம் படித்ததில்லை.

காலி செய்யச் சொன்னால் போதுமா? வீட்டை வாங்கி என்ன செய்யப் போகிறோம் என்பதையும் யோசித்தாக வேண்டும். அந்த யோசனையும் வெகு முன்னதாகவே நடந்திருக்கிறது. நம் அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெஸண்ட் அம்மையாரின் பெருமுயற்சியால் தயாரான இந்திய அரசியல் மசோதா ஒன்று 1925-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு வரையில் போயிற்று. 1928-இல் மோதிலால் நேருவின் அறிக்கை வந்தது. 1931 மார்ச்சில், வல்லபாய் படேல் தலைமையில் கராச்சியில் கூடிய காங்கிரஸ், சுயராஜ்யம் என்றால் ஏழைக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பட்டியல் போட்டது. வயது வந்த எல்லோருக்கும் வோட்டு, இலவச ஆரம்பக் கல்வி, உழைப்பவனுக்கு வயிறு நிறையும் கூலி, உப்பு வரி ஒழிப்பு என்று அந்தத் தீர்மானம் அடுக்கிக் கொண்டே போகிறது. சுயராஜ்யம் என்ற சொல்லை அந்தத் தீர்மானம் அரிசி, பருப்பு விலைக்குக் கொண்டுவந்துவிட்டது என்று நமக்குத் தோன்றியது.

* * *

பிறகு அரசியல் நிர்ணய சபைக்கு வந்தோம். 1946 டிசம்பர் 9-ஆம் தேதி முதன்முதலாகக் கூடிய சபை அது. நாலு நாளைக்குப் பிறகு பண்டித ஜவஹர்லால் நேரு லக்ஷ்யத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அது நிறைவேறியது 1947 ஜனவரி 22-இல். 1949 நவம்பர் 26-இல் அரசியல் சட்டம் ஏற்றுக் கொள்ளப்பட்டபோது ஏறக்குறைய மூன்று வருஷங்கள் ஓடிவிட்டன. அதற்குள் கொடுக்கப்பட்ட திருத்தங்கள் சுமார் 7,635. அவற்றில் சபையில் பிரேரேபிக்கப்பட்டவை 2,473. "இத்தனை திருத்தங்களா?" என்று குழந்தைகள் வாயைப் பிளந்தார்கள். தங்கள் கட்டுரை நோட்டில் நாம் போடும் சிவப்பு மைக் கோடுகளைப் பற்றி அதற்கப்புறம் அவர்கள் அவ்வளவாக முணுமுணுப்பதில்லை.

சபையின் விவாதங்களை வாசிக்கும்போதுதான், நாம் படங்களில் மாலையிட்டு வைத்திருக்கும் பெரியவர்கள் ரத்தமும் சதையும் கொண்ட மனிதர்களாக எழுந்து வருகிறார்கள். 1949 அக்டோபர் 17-ஆம் தேதி, கடவுள் பெயரால் என்று முகவுரை ஆரம்பமாக வேண்டும் என்று ஹெச். வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். தெய்வ பக்தியில் அவருக்குக் குறையாத சிலரே எழுந்து, நம்பிக்கை என்பது அவரவர் உள்ளத்தின் காரியம், அதைப் பிறர்மேல் சுமத்தலாகாது என்றார்கள். கடவுளை வோட்டுக்கு விடும் சங்கடத்தில் எங்களை மாட்டி வைக்காதீர்கள் என்று ஸ்ரீமதி பூர்ணிமா பானர்ஜி மன்றாடினார். காமத் விடவில்லை. வோட்டு எடுத்தார்கள், அநுகூலமாக 41, எதிராக 68. நம் வகுப்பிலும் இந்த விவாதத்தை நடத்திப் பார்த்தோம். காமத்தாக நடித்த சிறுமி தோற்றுப் போனதும் கண்ணைத் துடைத்துக் கொண்டாள். எதிர்த்துப் பேசிய பையன் தன் முறுக்கில் பாதியை அவளுக்குக் கொடுத்தான். சபை நாகரிகம் என்பதைப் பற்றி இதற்கு மேல் பிரசங்கம் செய்ய நமக்கு ஒன்றும் இருக்கவில்லை.

டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பர் 5-இல் செய்த பிரசங்கமும் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. சட்டத்தை வரையும் கமிட்டிக்கு ஏழு பேரை நியமித்தார்களே, அவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர் கணக்குச் சொல்கிறார். ஒருவர் ராஜினாமாச் செய்தார், ஒருவர் காலமானார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவர் வேறு ராஜ்ய காரியங்களில் மூழ்கியிருந்தார், ஓரிருவர் உடல்நிலை காரணமாக டில்லிக்கு வெளியே இருந்தார்கள், ஆக, பாரமெல்லாம் டாக்டர் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்கிறார். அதே பிரசங்கத்தில், மொழி விஷயத்தில் வடக்கே உள்ளவர்கள் பிடிவாதம் பிடித்தால் தெற்கே என்ன ஆகும் என்றும், முழு இந்தியா வேண்டுமா, ஹிந்தி இந்தியா போதுமா என்பதை ஐக்கிய மாகாண நண்பர்கள்தாம் தீர்மானிக்க வேண்டும் என்றும் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். தேசபக்தி என்றால் தலையாட்டுவது அல்ல என்பதற்கு இதைவிட நல்ல பாடம் உண்டா?

1947 ஆகஸ்டு 14-ஆம் தேதி நள்ளிரவில் ஜவஹர்லால் செய்த பிரசங்கத்தை உலகமே அறியும். அதே இரவில், அதே மண்டபத்தில் ராதாகிருஷ்ணன் செய்த பிரசங்கத்தை வாசிப்பவர்கள் சிலரே. ஆனந்தக் கூத்தாட வேண்டிய அந்த நேரத்தில் அவர், உயர்ந்த இடங்களில் ஊழலையும், உறவினருக்குச் சலுகை காட்டுவதையும், கள்ளச் சந்தையையும் ஒழித்தாலொழிய நல்ல ஆட்சி வராது என்று எச்சரித்தார். பிள்ளை பிறந்த அன்றே ஜாதகத்தில் உள்ள தோஷத்தையும் சொல்லிவிடும் ஜோஸியரை யாருக்குப் பிடிக்கும்? ஆனாலும் சொல்ல வேண்டியவர் சொல்லத்தான் செய்தார்.

* * *

கிராமப் பஞ்சாயத்தைப் பற்றிய விவாதம் எங்களைத் தாம்பரத்திலிருந்து உத்தரமேரூருக்கே அழைத்துச் சென்றுவிட்டது. 1948 நவம்பர் 4-ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர், கிராமம் என்றால் அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என்று கடுமையாகப் பேசினார். பலருக்குக் கோபம் வந்தது. நவம்பர் 22-ஆம் தேதி நம் கே. சந்தானம், கிராமப் பஞ்சாயத்துக்களை அமைத்து அவற்றுக்கு அதிகாரம் அளிக்க வேண்டும் என்ற ஷரத்தைக் கொண்டுவந்தார். அம்பேத்கரும் ஏற்றுக் கொண்டார். அது இன்றைய 40-ஆவது ஷரத்து. அந்த விவாதத்தில் ஆந்திர கேசரி டி. பிரகாசம் எழுந்து, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே உத்தரமேரூரில் குடவோலைத் தேர்தல் நடந்திருக்கிறதே என்று எடுத்துக் காட்டினார்.

இதைப் படித்ததும் குழந்தைகள் சும்மா இருப்பார்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுசாதத்துடன் செங்கற்பட்டு வழியாகப் புறப்பட்டோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய சாசனங்கள் அந்தக் கோயில் சுவரில் இன்னும் இருக்கின்றன. முப்பது குடும்புகள், ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்வது. கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் தேர்தலில் நிற்கலாகாது. "இந்த விதி இப்போதும் உண்டா, ஸார்?" என்று ஒரு பையன் ஆவலோடு விசாரித்தான். நாம் கோபுரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தோம்.

ஆனால் சாசனத்தை மேலும் வாசித்தபோது சிரிப்பு அடங்கியது. பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அந்தச் சபையார் தங்களைச் 'சபையோம்' என்று சொல்லிக் கொள்கிறார்கள். சபையாராகிய நாங்கள் என்பது அதன் அர்த்தம். கல்லைச் செதுக்கிய தச்சன் அந்தச் சொல்லுக்குள் இல்லை. வயலில் நடவு நட்டவள் இல்லை. ஊருக்கு வெளியே இருந்தவன் இல்லவே இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்த ஏற்பாடு மகத்தானதுதான். அதைப் பற்றி நாம் பெருமைப்படுவதும் நியாயந்தான். அதன் எல்லை எதுவென்று தெரிந்து கொண்டு பெருமைப்படுவது இன்னும் நியாயம்.

* * *

அடுத்த சனிக்கிழமை அரசியல் சட்டத்தின் முகவுரையை எடுத்தோம். இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் அது 'நாம்' என்ற பொருள் தரும் சொல்லோடு ஆரம்பிக்கிறது. தமிழில் நம் வாக்கிய முறைப்படி, இந்திய மக்களாகிய நாம் என்று, யார் என்பதை முதலில் சொல்லிவிட்டு அந்தச் சொல் பின்னால் வருகிறது.

திரிசூலத்துக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த பெண், அதிகம் பேசாதவள், அன்று கையை உயர்த்தினாள். "ஸார், இங்கிலீஷில் ஒரே சொல்தான் இருக்கிறது. தமிழில் நாம் என்றும் எழுதலாம், நாங்கள் என்றும் எழுதலாம். இவர்கள் ஏன் நாம் என்று போட்டார்கள்? எங்கள் கொள்ளுப்பாட்டி அப்போது மலையில் கல் உடைத்துக் கொண்டிருந்தாளாம். டில்லியில் உட்கார்ந்தவர்களுக்கு அவள் வோட்டுப் போட்டாளா?" என்று கேட்டாள்.

வகுப்பு நிசப்தமாயிற்று. தமிழ் மொழியில் இந்த இரண்டு சொற்கள் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அன்றுதான் நன்றாக விளங்கிற்று. கேட்பவனையும் சேர்த்துக் கொள்வது நாம். அவனை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவது நாங்கள். அமெரிக்கர்கள் 1787-இல் தங்கள் அரசியல் சட்டத்தை எழுதியபோது போட்ட சொல் எது என்று இங்கிலீஷ் மொழி காட்டிக் கொடுப்பதில்லை. 1852-ஆம் வருஷத்தில், அடிமைத் தளையிலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், சுதந்தர தின விழாவில் பேச அழைக்கப்பட்டபோது, அது உங்கள் விழாவேயன்றி எங்கள் விழா அல்ல என்று சொல்லி, அந்தச் சொல்லின் சாயத்தை வெளுத்துக் காட்டினார். அவர் கேட்டதும் திரிசூலத்துப் பெண் கேட்டதும் ஒரே கேள்விதான்.

இந்தக் கேள்விக்கு அலங்காரமாகப் பதில் சொல்வது பாவம். "உன் கொள்ளுப்பாட்டி வோட்டுப் போட்டிருக்க முடியாது, அம்மா" என்று சொன்னோம். அந்தச் சபையின் அங்கத்தினர்களை மாகாணச் சட்டசபைகள் தேர்ந்தெடுத்தன. அந்தச் சட்டசபைகளுக்கு 1946-இல் நடந்த தேர்தலில், சொத்தோ வரியோ படிப்போ உள்ளவர்களுக்கே வோட்டு. வயது வந்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கும் குறைவாகவே அந்த உரிமை இருந்தது. சமஸ்தானங்களிலிருந்து வந்தவர்கள் கதை வேறு. முஸ்லிம் லீக் அங்கத்தினர்களோ ஆரம்பத்தில் சபைக்கே வரவில்லை. கணக்குப்படி பார்த்தால், 'நாங்கள்' என்று எழுதிக் கொள்ளத்தான் அந்தச் சபைக்குப் பாத்தியதை இருந்தது.

பின் எந்தத் துணிச்சலில் 'நாம்' என்றார்கள்? பதிலை நாம் சொல்லவில்லை. "காகிதங்களில் தேடுங்கள்" என்றோம். மூன்று வாரம் தேடினார்கள்.

முதலில் அகப்பட்டவர் தாக்ஷாயணி வேலாயுதன். சென்னை மாகாணத்திலிருந்து சென்றவர். சபையில் இருந்த ஒரே தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்மணி. 1946 டிசம்பர் 19-ஆம் தேதி அவர் பேசியபோது, அரசியல் நிர்ணய சபையின் வேலை சட்டத்தை எழுதுவதோடு முடிவதில்லை, ஜனங்களுக்குப் புதிய வாழ்க்கை முறையையே அது அமைத்துக் கொடுக்க வேண்டும் என்றார். அடுத்தபடி 1948 நவம்பர் 29. தீண்டாமையை ஒழிக்கும் ஷரத்து அன்று சபைக்கு வந்தது. நம் மாகாணத்து வி. ஐ. முனுசாமி பிள்ளை எழுந்து வரவேற்றுப் பேசினார். ஷரத்து நிறைவேறியதும் சபையில் மகாத்மா காந்திக்கு ஜே கோஷம் முழங்கிற்று என்று நடவடிக்கைக் குறிப்பே சொல்கிறது. மகாத்மா மறைந்து அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது.

மூன்றாவதாக அகப்பட்டது ஒரு பிரசங்கம் அல்ல, வாக்காளர் ஜாபிதா. வயது வந்த எல்லோருக்கும் வோட்டு என்று அரசியல் சட்டம் எழுதி முடிவதற்கு முன்பே, 1947 கடைசியிலிருந்தே, சபையின் காரியாலயம் அந்த ஜாபிதாவைத் தயாரிக்கும் வேலையைத் தொடங்கிவிட்டது. 1951 அக்டோபரில் ஆரம்பித்து 1952 பிப்ரவரி வரையில் நடந்த முதல் பொதுத் தேர்தலில் அதில் இருந்த பெயர்கள் 17 கோடிக்கு மேல். அதிலும் ஒரு வேதனை உண்டு. தங்கள் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார் என்று மட்டும் எழுதச் சொன்ன சுமார் 28 லட்சம் ஸ்திரீகளின் பெயர்கள் அந்த ஜாபிதாவிலிருந்து நீக்கப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் வடக்கத்தி மாகாணங்களைச் சேர்ந்தவர்கள். தேசம் 'நாம்' என்று கூப்பிட்ட பிறகும், உள்ளே வருவதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது.

கடைசியாக, 1949 நவம்பர் 25-ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர் செய்த பிரசங்கத்தை அந்தத் திரிசூலத்துப் பெண்ணையே வாசிக்கச் சொன்னோம். 1950 ஜனவரி 26-ஆம் தேதி நாம் முரண்பாடு நிறைந்த ஒரு வாழ்க்கையில் புகப் போகிறோம். அரசியலில் சமத்துவமும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அசமத்துவமும் இருக்கும். இதைச் சீக்கிரம் தீர்க்காவிட்டால், துன்பப்படுகிறவர்கள் இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய மாளிகையைத் தகர்த்துவிடுவார்கள் என்று அவர் சபைக்கு உணர்த்துகிறார். சட்டத்தை எழுதிய கையே, எழுதி முடித்த மறுகணம், அதில் இன்னும் நிறைவேறாத பகுதி எது என்று சுட்டிக் காட்டியது. உலக சரித்திரத்தில் இப்படிப்பட்ட நேர்மை அபூர்வம்.

வாசித்து முடித்ததும் அந்தப் பெண் சற்று நேரம் காகிதத்தையே பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு, "நாங்கள் என்று எழுதியிருந்தால் நாம் ஒன்றும் கேட்க முடியாது. நாம் என்று எழுதிவிட்டதால் கேட்கலாம். இல்லையா, ஸார்?" என்றாள்.

நம் சர்வகலாசாலைப் பட்டத்தில் இதற்குமேல் சொல்ல ஒரு வரிகூட இல்லை.

* * *

இந்த வகுப்புக்கு எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. ஒரு பையனின் தகப்பனார் நேரில் வந்துவிட்டார். "பையன் ராத்திரி பத்து மணிவரை எவரோ பேசினதைப் படித்துக் கொண்டிருக்கிறான், ஸார். இதற்குப் பரீட்சையில் எத்தனை மார்க்கு?" என்று கேட்டார். "ஒன்றும் இல்லை" என்று உள்ளதைச் சொன்னோம். அவர் திருப்தியடையாமலே போனார். ஆனால் பத்து நாளைக்கெல்லாம் ரயிலடியில் நம்மைப் பிடித்து நிறுத்தி, "நீங்கள் கொடுத்த காகிதத்தில் ஏழாம் பக்கம் இல்லையே, ஸார்? நல்ல இடத்தில் நின்றுவிட்டது" என்றார். மகனுக்குக் கொடுத்ததைத் தகப்பனார் படித்திருக்கிறார் என்று தெரிந்தது. ஏழாம் பக்கத்தை அடுத்த நாளே அனுப்பி வைத்தோம்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. இந்த விவாதங்கள் பன்னிரண்டு பெரிய தொகுதிகளாக, பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கின்றன. வகுப்புக்கு வேண்டிய பகுதிகளை நாமே தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நம் குழந்தைகள் தங்கள் தேசத்தின் மூலப் பத்திரத்தைத் தங்கள் பாஷையில் வாசிக்க வசதி செய்து கொடுப்பது, தமிழ் கற்ற பெரியவர்கள் அனைவருக்கும் உரிய கடமை. இப்போது மூலமெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. ஆகவே, புஸ்தகம் அகப்படவில்லை என்ற சாக்குச் சொல்லவும் இடமில்லை.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஜனவரி 26-ஆம் தேதி காலையில் டில்லி ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் தாராளமாகப் பாருங்கள். மாலையில் விளக்கேற்றிய பிறகு, வீட்டில் உள்ளவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசியுங்கள். முதலில் 1930-ஆம் வருஷத்துப் பிரதிக்ஞை, பிறகு முகவுரை, அதன் பிறகு அம்பேத்கர் நவம்பர் 25-இல் செய்த பிரசங்கத்தின் கடைசிப் பகுதி. குழந்தைகள் இடையிடையே கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். கைப்பேசியில் அரசியல் சட்டத்தின் மூலப் பிரதியைக் காட்டினால் சின்னஞ் சிறிசுகளும் கூட உட்காரும். நந்தலால் போஸும் அவருடைய சீடர்களும் சித்திரம் தீட்டிய பிரதி அது. நம் நடராஜரும், மாமல்லபுரத்துச் சிற்பமும் அதில் இடம் பெற்றிருக்கின்றன.

வாசிக்கும்போது 'நாம்' என்ற சொல் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டாம். அந்த நேரத்தில் பாத்திரம் துலக்க வந்திருக்கும் அம்மாளும் அடுக்களையில் இருந்தால், அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கொண்டு வாசியுங்கள். அவரை விட்டுவிட்டு வாசித்தால் அந்தச் சொல்லை நாமே திருத்தி எழுதியதாகிவிடும்.